பல் தேய்த்தால் விடிந்தது

தீவிர சிகிச்சைப் பிரிவில் எனக்குக் கிடைத்த முதல் பாடம், வாயைப் பிளந்துகொண்டு கட்டிலில் கிடப்பது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. திருவனந்தபுரத்தில் நான் நர்சாக இருந்த ஆஸ்பத்திரியில் அதுவரை கவ்வியில் பஞ்சைச் சுற்றி நோயாளியின் வாயைத் துடைப்பதோடு சரி. புதிதாக வந்த டியூட்டர் அது போதாது என்றார். மூச்சுக்குழாய் போட்டவர்களின் வாயழுக்கு நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சலைக் கிளப்புமாம். குழந்தைகள் பிரஷால் பல், ஈறு, நாக்கு எல்லாம் தேய்க்க வேண்டும், அதுவும் ஒரு நாளில் பல முறை. சொன்னதோடு விடாமல் எங்களையே ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருத்திக்கு ஒருத்தி தேய்த்துவிடச் சொன்னார். எனக்குத் தேய்த்தவள் தொண்டைவரை போய்விட்டாள். அவள் விரலைக் கடித்துவிட்டேன். டியூட்டர் கோபப்படவில்லை.

"கண்டோ? பேஷன்டும் இதுதன்னே செய்யும்," என்று சிரித்தார்.

அப்படிப்பட்ட பேஷன்ட் சீக்கிரமே வந்து சேர்ந்தாள். பழவங்காடியில் பூக்கடை வைத்திருந்த தமிழ்க்காரி. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி வந்தவளுக்கு வாய்வழியாகக் குழாய் போட்டு மிஷினில் இணைத்திருந்தார்கள். நான் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுவில் வளர்ந்தவள். எங்கள் பிரிவில் தமிழ் பேசும் ஒரே நர்ஸ். அதனால் அவளை என் தலையில் கட்டினார்கள். முதலில் நல்ல பிள்ளையாக வாயைத் தந்தாள். போகப்போக பிரஷைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொண்டாள். குழாய் நெரிபட்டு மிஷின் கூவும். கெஞ்சினேன், அதட்டினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அவளுக்கு என்னைவிட அதிகமாக வந்தது.

விளையாட்டு இல்லை. வாய் சுத்தமில்லாமல் மறுபடி காய்ச்சல் வந்தால் குழாயை எடுக்க முடியாது, அப்புறம் பிழைப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே அவள் மகள் வேறு தினமும் என்னைப் பிடித்துக்கொள்வாள். அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். தள்ளிப்போடுவதா வேண்டாமா என்று புலம்புவாள்.

உள்ளே அம்மாக்காரி ஒரு சைகை காட்டுவாள். கழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் முடிச்சுப் போடுவாள், பிறகு கையை விரிப்பாள், கண்ணில் நீர் வழியும். குழாய் நழுவாமல் இருக்கக் கட்டிய நாடா உறுத்துகிறது போல என்று நினைத்தேன். அவிழ்த்து, அடியில் பஞ்சு வைத்து, பதமாகக் கட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்றும் புரியாமல் நானும் அடித்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் எப்படியோ கன்னத்தின் ஓரமாக பிரஷை நுழைத்துத் தேய்த்து முடித்தேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் ஒரு விரல்கணுவிலிருந்து அடுத்த கணுவுக்கு நகர்ந்தது. காலையில் தேய்த்தபோதும் அது நகர்ந்தது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து அறையைப் பார்த்தேன். ஜன்னல் இல்லை. ட்யூப்லைட் அணைவதே இல்லை. பல் தேய்த்தால் விடிந்தது. அதுதான் அவள் கணக்கு. ஒரே நாளில் அவளுக்கு நாங்கள் பல தடவை விடியவைத்திருந்தோம். இன்னொரு நாள் போய்விடக் கூடாதென்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், பாவி. கழுத்தருகே அவள் போட்டுக்காட்டிய முடிச்சு நாடா இல்லை, தாலி.

"மக கல்யாணம் முடிஞ்சு போச்சுன்னு நெனைக்கிறீங்களாக்கா?"

கண்ணை மூடி ஆமென்று தலையசைத்தாள். இல்லை, அடுத்த மாதம்தான் என்று சத்தியம் செய்தேன். அவள் முகம் மாறவில்லை. ஊசி வலிக்காது என்று சொல்கிற நர்சை யார் நம்புவார்கள்?

பார்வையாளர் நேரத்தில் மகள் வந்தாள். உள்ளே வருகிறவர்களுக்குக் கழுத்துவரை மூடிய கவுன், மாஸ்க். அம்மா தினமும் பார்த்தது அந்த இரண்டு கண்களை மட்டும்தான். நான் மகளுக்குப் பின்னால் போய் கவுனின் நாடாவை அவிழ்த்தேன்.

"எந்தா குட்டி, நீ இது எந்தா காணிக்குந்நே!" என்ன காரியம் செய்கிறாய் என்று கத்திக்கொண்டே தலைமை நர்ஸ் ஓடிவந்தார்.

"ஒரு நிமிஷம், சிஸ்டரே!"

கவுனைத் தோள்வரை இழுத்துவிட்டேன். வெறும் கழுத்து. அம்மாவின் கை நீண்டு அந்தக் கழுத்தைத் தடவிப் பார்த்தது. முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம்.

"நீ இல்லாம எனக்கு ஏது கல்யாணம்மா?" என்று மகள் அழுதாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். குழாய் விட்ட அளவுக்கு வாயைத் திறந்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிரஷைத் தேடினேன். தலைமை நர்ஸ்தான் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பிரஷை எடுக்கும்போதெல்லாம், "அக்கா, இது சாயங்காலம், இன்னும் விடியல," என்று முதலில் சொல்வேன். டியூட்டர் அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். காய்ச்சல் வரவில்லை. குழாயை எடுத்ததும் கரகரத்த தொண்டையில் அவள் கேட்ட முதல் கேள்வி:

"ஏன் பிள்ளே, ஒரு நாளைக்கு எத்தன தடவதான் பல்லு தேய்ப்பிய?"

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேடையோரத்தில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்திருந்தார்கள். கெட்டிமேளம் முழங்கியது. மகள் கழுத்தில் முடிச்சு விழும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, அத்தனை பேருக்கு நடுவில், "ஆ" என்று வாயைத் திறந்து காட்டினாள்.