முதற் பாடவேளையின் வெறும் வாங்குகள்

பிரதி அதிபராகப் பொறுப்பேற்ற முதல் நாளில் எனக்குக் கிடைத்த வேலை, காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பாடசாலைக் கேற்றைப் பூட்டுவிப்பது. தென்மராட்சியின் சிறு நகரமொன்றிலுள்ள எங்கள் பாடசாலைக்கு அரைவாசிப் பிள்ளைகள் நகரத்திலிருந்தும் மீதிப்பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள். பிந்தி வருவோர் முதற் பாடவேளை முடியும்வரை வெளியே நிற்கவேண்டும் என்பது அதிபரின் விதி. ரியூசனுக்குப் போய்விட்டு ஆறுதலாக வந்துகொண்டிருந்த நகரத்துப் பையன்களைத் திருத்தவே அவர் அதைக் கொண்டுவந்திருந்தார். விதி பலன் தந்தது. அதனாலேயே அதை எவரும் மீண்டும் யோசித்துப் பார்க்கவில்லை.

அன்று வெளியே நின்றவர்கள் கிராமங்களைச் சுற்றி வரும் ஒரே பஸ்ஸில் வந்த பிள்ளைகள். அந்த பஸ் சந்தையடியில் நின்று கத்தரிக்காய் மூட்டைகளையும் வாழைக்குலைகளையும் இறக்கிய பின்னரே பாடசாலைப் பக்கம் திரும்பும்.

முன்னால் நின்ற தரம் பதினொன்று மாணவி தர்சிகாவிடம், “உங்களுக்கு முதற் பாடம் என்ன பிள்ளை?” என்று கேட்டேன்.

“கணிதம், ரீச்சர்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் அதுதான்.”

பின்னால் நின்ற ஒருவன், “எங்களுக்குக் கணிதம் கேற்றடியிலைதான் ரீச்சர் நடக்குது. கேற்றிலை எத்தினை கம்பியெண்டு கேளுங்கோ, பிழைவிடாமல் சொல்லுவம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

தர்சிகா சிரிக்கவில்லை. தவணைப் பரீட்சையில் அவள் சித்தியடையாத ஒரே பாடம் கணிதம். சாதாரண தரப் பரீட்சையில் அது இல்லாமல் உயர்தர வகுப்புக்குள் நுழைய முடியாது. “இந்தமுறை கணிதம் விட்டா கார்மென்ற்ஸிலை தைக்கப் போகட்டாம் எண்டு வீட்டிலை ஐயா சொல்லிப்போட்டார்” என்று, நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

எந்தப் பாடம் எப்போது என்று நேரசூசி தயாரிப்பது பிரதி அதிபரின் பொறுப்பு. ஆசிரியர் கூட்டத்தில் இந்த விடயத்தை எடுத்தேன். கணித ஆசிரியர் பரமேஸ்வரன் சேர் திறமையானவர், கண்டிப்பானவர்.

“விடியத்தான் ரீச்சர் மூளை தெளிவா இருக்கும். இடைவேளைக்குப் பிறகு குடுத்தா என்ரை பிள்ளையள் கொட்டாவிதான் விடுவினம்” என்றார்.

“உங்கடை பிள்ளையளிலை அரைவாசிப்பேர் கேற்றுக்கு வெளியிலை நிக்கினம், சேர்.”

“அவையள் வழமையா அப்பிடித்தான்.”

அதிபர் இடைமறித்தார். “கேற்றைத் திறக்க மட்டும் சொல்லாதேங்கோ ரீச்சர். பஸ்ஸிலை வாற பிள்ளையளுக்குத் திறந்தா, நாளைக்கு ரவுண் பெடியளும் ‘பஸ்ஸிலைதான் சேர் வந்தனாங்கள்’ எண்டு வருவாங்கள்.” அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது.

“அப்ப கணிதத்தை மூண்டாம் பாடவேளைக்கு மாத்துவம்” என்றேன்.

நடன ஆசிரியை உடனே நிமிர்ந்தார். “அந்த இடத்திலை ஆரை வைக்கப்போறியள், என்னையோ? நடனத்துக்கு வாறதிலை கூடப்பேர் பஸ் பிள்ளையள்தான். ஆளில்லாத மேடைக்கு நான் நட்டுவாங்கம் பிடிக்கிறதோ?”

சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. எந்தப் பாடத்தை அங்கே நிரந்தரமாக வைத்தாலும், கிராமத்துப் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று நாமே முடிவு செய்தவர்களாவோம். கேற்றைத் திறந்தால் ஒழுங்கு குலையும். கணிதத்தை நகர்த்தினால் அநீதி இன்னொரு பாடத்துக்கு இடம்மாறும். இரண்டையும் சில நாட்கள் எடைபோட்ட பின், ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பாடம் முதலில் வருமாறு நேரசூசியை மாற்றினேன். கணிதத்துக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமைக் காலை மட்டுமே மிஞ்சியது. பரமேஸ்வரன் சேர் என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்து நடந்தது நான் எதிர்பார்த்ததுதான். இவ்வளவு விரைவாக நடக்கும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை. விஞ்ஞான ஆசிரியர் தம் முறை வந்த காலையில் பாதி வாங்குகளில் பிள்ளைகள் இல்லாத வகுப்பைக் கண்டு, அதே செய்முறையை மறுநாளும் செய்துகாட்ட வேண்டியிருந்தது. வரலாற்று ஆசிரியை நேரே அதிபரின் அலுவலகத்துக்குப் போனார். நடன ஆசிரியையின் குரல் ஆசிரியர் அறைவரை கேட்டது: “உந்தக் கேற்றுக்கு ஒரு வழி பண்ணுங்கோ சேர்.”

கடைசியாக வந்தவர் பரமேஸ்வரன் சேர். “பின் வாங்கிலை இருக்கிற பஸ் பிள்ளையள் இப்ப கேள்விக்கு மேலை கேள்வி, ரீச்சர். பாடம் முடியமாட்டன் எண்டுது” என்று முறையிட்டார். பிறகு, “உந்தப் பிள்ளை தர்சிகா, வெள்ளிக்கிழமை விட்டதைச் சனிக்கிழமை வந்து படிக்கட்டோ எண்டு கேக்குது. நான் வாறன். மண்டபப் பூட்டின்ரை திறப்பு ஆரிட்டை இருக்கு?” என்றார்.

அதே மாதம், பஸ் பிள்ளைகளுக்குக் கேற்றைத் திறக்க அதிபர் இணங்கினார். பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்திக்கு மாணவ முதல்வர் சின்னம் சூட்டினோம். அதுவரை அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அது கிடைத்ததில்லை. அவள் தன்னோடு பஸ்ஸில் வந்தவர்களை அணிவகுத்துக் கூட்டிவந்தால் கேற் திறக்கும். வரிசையில் புகுந்த நகரத்துப் பையன்களை அவளே பிடித்துக் கொடுத்தாள்.

சாதாரண தரப் பரீட்சையில் தர்சிகா கணிதத்தில் ‘சி’ சித்தி எடுத்தாள். உயர்தர அனுமதிக்குத் தகப்பனோடு வந்தபோது, “அப்ப கார்மென்ற்ஸ் இல்லையோ?” என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்தபடி, “உவள் இனி என்ரை சொல்லு எங்கை கேக்கப்போறாள், ரீச்சர்” என்றார். முகத்தில் பெருமை இருந்தது.

நேரசூசி வரையப்போகும் இளைய ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓர் இழப்பு நெடுங்காலம் ஒரே தரப்பினர்மீது விழுந்தால், பார்ப்பவர்களுக்கு அது அவர்களுடைய சுபாவமாகத் தோன்றத் தொடங்கும். அதை எல்லோருடைய மேசைக்கும் பகிர்ந்து அனுப்புங்கள். தீர்வைத் தேடும் கைகளும் கூடும். கட்டங்களை நிரப்பத் தொடங்குமுன் ஒருநாள் முதற் பாடவேளையில் வகுப்பு வகுப்பாக நடந்து, வெறுமையாகக் கிடக்கும் வாங்கு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள்.