கண்ணாடியைப் பிடித்தவள்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இயற்பியலுக்கு டியூஷன் போகிறாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும்தான் போகிறார்கள், இதில் என்ன என்று கேட்பீர்கள். நான் இயற்பியல் ஆசிரியை. எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் எந்தத் தெருவில் நடந்தாலும் "வணக்கம் மிஸ்" என்று ஒரு குரல் வரும். அத்தனை பேருக்கும் பாடம் நடத்தியவளின் வீட்டுப் பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் பக்கத்து ஊர் மந்தாரக்குப்பம் போகிறாள்.

"நீ சொல்லிக்குடுத்தா நடுவுல கேள்வி கேக்க பயமா இருக்கும்மா. பேப்பர் திருத்துற மூஞ்சியோடயே இருக்க" என்றாள். அன்று குளியலறைக் கண்ணாடியில் வெகுநேரம் என் மூஞ்சியைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான் என்று தோன்றியதில் கோபம் இன்னும் கூடியது.

டியூஷன் எடுப்பவள் சின்னப் பெண். இன்ஜினியரிங் படித்தும் வேலை கிடைக்கவில்லை. கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் கணவனோடு ஒரு வாடகை வீட்டு மாடியில் இருக்கிறாள். பிள்ளைகளுக்கு அவள் மிஸ் இல்லை, அக்கா. எங்கள் வீட்டில் காலையிலிருந்து இரவு வரை அக்கா புராணம்தான். ஒருநாள் மகள் நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, அக்கா ரசத்துக்குப் பூண்டைத் தட்டித்தான் போடுவாங்களாம் என்றாள். என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அங்கே கேட்டு முடித்துவிட்டு, வெறும் பசியோடு மட்டும் வீட்டுக்கு வருகிறாள் என்பதுதான் எரிச்சல்.

"எங்க படிச்சா என்ன, புரிஞ்சா சரி" என்பார் மைன்ஸில் ஷிப்ட் பார்க்கும் என் கணவர். அவருக்கு என்ன, சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஷிப்ட் வீடுகளில் படுக்கையறை ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிடுவோம், பட்டப்பகலிலும் அறை கும்மிருட்டாக இருக்கும். மகள் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்து என் காதில் கிசுகிசுத்தாள். "அம்மா, அக்கா ஒரு எக்ஸ்பெரிமென்ட் குடுத்திருக்காங்க. இருட்டு வேணும். கூட ஒரு ஆள் வேணும்."

கூட ஒரு ஆள். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

டப்பாவில் திருவிழாக் கடையில் விற்கும் லேசர் சாவிக்கொத்து இருந்தது. புகை படிந்த கண்ணாடித் துண்டில் பிளேடால் நெருக்கமாகக் கீறிய இரண்டு கோடுகள் இருந்தன. மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றும் இருந்தது. இருட்டுப் படுக்கையறைக்குள் போய், லேசர் பொத்தானைத் துணி கிளிப்பால் அழுத்தி ஸ்டூலில் வைத்து, கீறிய கண்ணாடியை அதன் முன்னால் நிறுத்தினோம். இரண்டு கீறல்கள் வழியே போன வெளிச்சம் ஒன்றோடொன்று கலந்து, தூங்குகிறவர் தலைக்கு மேலே சுவரில் சிவப்பும் கறுப்புமாக வரிவரியாக விழுந்தது.

ஒரு கீறலுக்கு முன்னால் மட்டும் அந்தக் கண்ணாடிச் சில்லை வைத்தால் அந்த வழியாக வரும் வெளிச்சம் மட்டும் கொஞ்சம் பிந்தும், சுவரில் விழும் பட்டைகள் மொத்தமாக நகரும் என்பது பாடம். மகள் சில்லை எடுத்து இரண்டு கீறல்களையும் சேர்த்து மறைத்தாள். பட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. "ரெண்டும் ஒரே அளவு பிந்துனா எப்படி நகரும்? இதுகூடச் சொல்லித் தரலையா உங்கக்கா?"

"அக்காதாம்மா முதல்ல இப்படி வச்சு, நகராததைப் பாக்கச் சொன்னாங்க."

ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்து சில்லின் ஓரத்தை இரண்டு கீறல்களுக்கும் நடுவே கொண்டுவந்து ஒன்றை மட்டும் மறைக்க வேண்டும். அவள் கை நடுங்கியது. நான் வாங்கிப் பிடித்தேன். சுவரில் அதே வரிகள், அதே மாதிரி. "நகரவே இல்லம்மா" என்றாள், முகம் வாடி.

"நகர்ந்திருக்கும்டி. எல்லாப் பட்டையும் ஒரே சிவப்பு. எந்தப் பட்டை எங்க போச்சுன்னு எப்படித் தெரியும்? நீ தூங்கும்போது தூக்கிட்டுப் போய்ப் பக்கத்து பிளாக்ல இதே மாதிரி குவார்ட்டர்ஸ்ல படுக்க வச்சா, எழுந்ததும் நம்ம வீடுன்னுதானே நினைப்ப? போற வழியைப் பாத்தாதான் இடம் மாறுனது தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, பயமில்லாமல். "சூப்பர்மா. அக்காவும் இப்படித்தான் உதாரணம் சொல்லுவாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சில்லின் மேல்முனையை லேசர் பக்கமாக மெல்லச் சாய்த்தேன். சாயச் சாய வெளிச்சம் கண்ணாடிக்குள் கடக்கும் தூரம் கூடும், இன்னும் பிந்தும். பட்டைகள் ஒவ்வொன்றாகச் சுவரில் ஊர்ந்தன, கண்ணாடி இருந்த பக்கமாகவே. பிந்தியவன் பக்கம்தான் வெளிச்சம் போகும். இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். இப்போது என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் போனை எடுத்தாள். வீடியோ காலில் அந்தப் பெண்ணின் முகம் வந்தது. "அக்கா, நகருதுக்கா!"

"அய்யோ, மெய்யாவா? நான் நாலு நாளா தனியா முயற்சி பண்ணிக்கினு இருந்தேன்டி, ஒரு தடவகூட வரல. யாரு கண்ணாடிய புடிச்சிக்கினு இருக்காங்க?"

"அம்மாக்கா."

"டீச்சருங்களா?" குரல் சட்டென்று பணிந்தது. "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நான் இத படத்துலதான் பாத்திருக்கேன். இன்னொரு வாட்டி சாச்சுக் காட்டுங்களேன்."

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. பொறாமை போகவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் கிடந்தன. சில்லை மறுபடி சாய்த்துப் பிடித்தேன். தோள் கடுத்தது. கை வலிக்கிறது என்று சொல்லி இறக்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

மகள் போனைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டும்.

"அம்மா, கையை ஆட்டாதம்மா" என்றாள் திரும்பாமல். "அக்கா பாக்கட்டும்."

நான் ஆட்டவில்லை.