கழற்றாமல் விட்ட சிவப்பு ஊசி

நாங்கள் நான்கு வருடமாகக் கட்டிய சிறிய செயற்கைக்கோளை, பற்றரியை இயங்க விடாமலே விண்ணுக்கு அனுப்பிவிட்டது ஏவுதல் நிறுவனம்.

இன்று காலை அவர்களிடமிருந்து எங்கள் பெட்டி நாங்கள் இருக்கும் ஊரான விபோர்க்குக்குத் திரும்பி வந்தது. கருவிகள், கையுறைகள் எல்லாம் இருந்தன. ராக்கெட்டில் ஏற்றுமுன் கழற்றிப் பெட்டியில் போட வேண்டிய, சிவப்பு நாடா கட்டிய ஊசி மட்டும் இல்லை. அது செருகியிருக்கும்வரை பற்றரி வேலை செய்யாது. மூன்று வாரமாக நான் பல்கனியில் அன்ரெனாவோடு நின்றும் செயற்கைக்கோளிலிருந்து ஒரு சத்தமும் வராததற்குக் காரணம் அதுதான்.

"இஞ்சேருங்கோ, பெட்டியை வடிவாப் பாத்தனீங்களோ?" என்றாள் மனைவி.

"ஓம், மூண்டு தரம் கொட்டிப் பாத்திட்டன்."

நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். செயற்கைக்கோளை விண்ணில் பிரித்துவிட்டதோடு தங்கள் வேலை முடிந்துவிட்டதாம். உங்கள் பக்கத்தில் கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்ததில் பிழை இருக்கலாம் என்றாள் அங்கிருந்த பெண், மிக மரியாதையாக.

செயற்கைக்கோளைக் கட்டிய எங்கள் வானொலிக் கழகத்தில் மற்றவர்கள் பொறியியலாளர்கள். பற்றவைத்தவன், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே தானாகப் படித்த நான்.

"அப்ப இனி உங்களை ஆர் நம்பப்போகினம்?" என்றாள் மனைவி.

ஒருவரும் இல்லை. செயற்கைக்கோள் இன்னும் சில வருடம் ஊமையாகச் சுற்றி எரிந்துவிடும்.

ஆனாலும், ஊசியைக் கழற்றவில்லை என்று நிறுவனம் ஒரு வரி எழுதித் தர வேண்டும். கழகம் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மனைவி என் அன்ரெனாவில் கைவைக்கக் கூடாது.

உங்களில் யாராவது அந்த உயரத்துக்குப் போனால், சிவப்பு நாடா இடது பக்கம் தொங்கும். பிடித்து இழுத்துவிட்டு எனக்கு அறிவிக்க வேண்டும்.