ஆவியில் வைத்த பேக்கப்

பொன்னுராஜ் அண்ணன் கை கழுவாமல் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. இராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் பதினான்கு வருடமாக ஆட்டோகிளேவ் ஓட்டுகிறவர். கட்டுத்துணிப் பொட்டலங்களை அந்தப் பெரிய இரும்புப் பெட்டிக்குள் அடுக்கி, நூற்று இருபத்தொரு டிகிரி நீராவியில் அரை மணி நேரம் வைத்து, கிருமியே இல்லாமல் வெளியே எடுப்பார். பொட்டலத்தில் ஒட்டிய டேப்பில், சூடு சரியாக ஏறியதற்கு அடையாளமாகக் கறுப்புக் கோடு விழுந்தால்தான் மனிதருக்கு மூச்சு வரும். வீட்டிலும் இதே கூத்துதான். சம்பந்தி வீட்டார் சீராகக் கொண்டுவந்த வெள்ளிச் சொம்பை அவர்கள் கண் முன்னாலேயே வெந்நீரில் போட்டு எடுத்தார் என்று அவர் மனைவி தங்கபாய் மதினி என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

1992இல் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதோடு ஏசியும் வந்தது, கம்ப்யூட்டரை இயக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் நானும் வந்தேன். ஆவியறையில் வெந்துபோன அண்ணன் அடிக்கடி என் அறைக்குள் நுழைவார். "செத்த நேரம் நின்னுட்டுப் போறேன் தாயி" என்பார். சும்மா நின்றால் பரவாயில்லை. இது என்ன, அது எதற்கு என்று நச்சரித்து எடுத்துவிடுவார்.

எனக்கோ வாய்த்துடுக்கு அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறிவிட்டது. அண்ணன் எட்டிப் பார்த்ததும் முகத்தைப் பயங்கரமாக வைத்துக்கொண்டேன்.

"உள்ள வராதீய அண்ணே. இதுக்கு வைரஸ் கிருமி புடிச்சிருக்கு. தொட்டா கையில ஒட்டும், பொறவு பேண்டேஜுக்குப் போயிரும்."

"ஆத்தாடி! அந்த அட்டையிலயும் இருக்குமா?" மேசையிலிருந்த பிளாப்பிகளைக் காட்டினார்.

"அதுலதான் அம்புட்டும்!"

அவர் போன வேகத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்த இருபத்திரண்டு பிளாப்பிகளில்தான் ஹார்ட் டிஸ்க் மொத்தத்துக்கும் பேக்கப் இருந்தது. எந்த லாட் துணி எந்தத் தேதியில் எத்தனை டிகிரியில் வெந்தது என்ற பதிவு எல்லாம் அதில்தான். திங்கட்கிழமை ஆய்வுக்கு ஓர் அதிகாரி வருகிறார். பதிவைக் காட்டாவிட்டால் மூன்று மாதச் சரக்கும் திரும்பி வரும், கூடவே என் வேலையும் போகும் என்று முதலாளி சௌந்தரபாண்டியன் சொல்லியிருந்தார். பேக்கப் இருக்கிற தைரியத்தில் அன்றைக்கே டிஸ்க்கைச் சுத்தமாக அழித்தேன். மறுநாள் புரட்டாசிச் சனி. எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைச் சேவித்துவிட்டு, மதியம் வந்து திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று மெத்தனமாக இருந்துவிட்டேன்.

மதியம் வந்து பார்த்தால் பிளாப்பிகளைக் காணோம். மேசையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. ஓரம் ஒட்டி, டேப்பில் கறுப்புக் கோடு விழுந்து, தேதி போட்டு, பொன்னுராஜ் என்று கையெழுத்தும் போட்டிருந்தது.

வாசலில் அண்ணன் பெருமையாக நின்றார். "இனி பயமில்லாமத் தொடு தாயி. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை ஆவியில வச்சேன். ஒண்ணுகூடத் தப்பியிருக்காது."

பிரித்தேன். இருபத்திரண்டும் பொரித்த அப்பளமாக நெளிந்து கிடந்தன. "என் வேலையே போச்சே அண்ணே!" என்று வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். நான் சொன்னது பொய் என்பதை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி பதிவைக் கேட்டார். வேறு வழியில்லாமல் நெளிந்த பிளாப்பி ஒன்றை நீட்டினேன். முதலாளி முகம் சிவந்துவிட்டது.

"யாரு பாத்த வேல இது?"

"நாந்தான் முதலாளி" என்று பொன்னுராஜ் அண்ணன் முன்னால் வந்தார். "கிருமின்னு நெனச்சு ஆவியில வச்சுட்டேன்."

"கம்ப்யூட்டர்ல கிருமின்னு எவன் சொன்னான் உமக்கு?"

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "யாரும் சொல்லல. என் மடப்புத்தி."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் உடம்பே கூசியது. "நாந்தான் முதலாளி சொன்னேன். விளையாட்டுக்கு."

முதலில் சிரித்தது அதிகாரிதான். சிரித்து ஓய்ந்ததும், ஆட்டோகிளேவில் சூட்டைக் கோடாக வரையும் வட்டத் தாள்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். அண்ணன் ஓடிப்போய் மூன்று மாதத் தாள்களையும் அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் லாட் எண், தேதி, அவர் கையெழுத்து. "இது போதும்" என்றார் அதிகாரி. சரக்கு தப்பியது. முதலாளி என்னைப் பார்த்து, "அம்புட்டையும் ஒக்காந்து திரும்ப அடி. முடிச்சாத்தான் உனக்கு இங்க வேல" என்றார்.

ஏசிக்கு நேராக அண்ணனுக்கு ஒரு நாற்காலி போட்டேன். அவர் தாளைப் பார்த்து வாசிக்க, நான் அடித்தேன். மூன்றாம் நாள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கிருமி இல்லேன்னா, வைரஸுன்னா என்ன தாயி?"

"ஒரு புரோகிராம் அண்ணே. அடுத்தவுக வேலையக் கெடுக்க, எவனோ விளையாட்டுக்கு எழுதி விட்டது."

அண்ணன் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"அப்ப அட்டையை ஆவியில வச்சது தப்புத்தான்" என்றார், என்னையே பார்த்துக்கொண்டு. "ஆளைத்தான் வச்சிருக்கணும்."