ஐந்தாம் லயத்துக்கும் ஆறாம் லயத்துக்கும் நடுவே

அழகனுக்கு ஒரு வேலை கிடைக்க இருந்தது. கிடைத்திருந்தால் அவன் விடிந்ததும், அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த ஒருவன் ஆபிசுக்குள் நாற்காலியில் உட்கார்ந்ததாக யாருக்கும் நினைவில்லை.

2006ஆம் ஆண்டு தோட்டத்து ஆபிசுக்கு இரண்டு கணினிகள் வந்தன. ஒன்று கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு, மற்றது பெரிய கிளாக்கரின் மேசைக்கு. ஒன்றில் எழுதியதை மற்றதில் திறந்து பார்க்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். உயர்தரப் பரீட்சையில் புள்ளி போதாமல் போய், ஹட்டனில் ஆறு மாதம் கணினி படித்துவிட்டு வந்திருந்த அழகன் போய்க் கேட்டான். பெரிய கிளாக்கர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். அவனை நிற்கவைத்தே பேசினார்.

"உனக்குத் தெரியுமெண்டால் உன்ரை வீட்டிலை செய்து காட்டு, தம்பி. ஒப்பீஸ் மெசினிலை கை வைச்சுப் பழக என்னாலை விடேலாது. வாற ஞாயிறு நானே வந்து பாக்கிறன்."

அது நியாயமான பேச்சுத்தான். அழகனிடம் பழைய கணினி ஒன்று இருந்தது. இன்னொன்று அவன் கூட்டாளி சோலைமலையிடம் இருந்தது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் சோலைமலை அப்போது லீவில் வந்திருந்தான். ஆனால் அவனுடைய அம்மா பகலில் அந்தக் கணினியில்தான் படம் பார்ப்பாள். "என்னா வேணும்னாலும் செஞ்சுக்கங்க. மெசின் மட்டும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஐந்தாம் லயத்தில் அழகன் குடியிருந்த காம்பராவிலிருந்து, நடுவே ஓடும் தண்ணீர்க் கானைத் தாண்டி, கீழே ஆறாம் லயத்தில் சோலைமலையின் காம்பரா வரைக்கும் கேபிள் இழுத்தார்கள்.

இனி ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்ததை மற்றதுக்குக் கொடுக்கக் கூடாது, வீட்டு இலக்கம் மாதிரி என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வீட்டு இலக்கத்தைப் பற்றி லயத்துக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாவுக்கும் மருந்துக்கும் வாக்குக்கும் அங்கே ஒரே அடையாளம்தான்: எத்தனையாம் லயம், எத்தனையாம் காம்பரா. அழகன் தன் கணினிக்கு 192.168.5.8 என்று கொடுத்தான். ஐந்தாம் லயம், எட்டாம் காம்பரா. சோலைமலையின் கணினிக்கு 192.168.6.3. ஆறாம் லயம், மூன்றாம் காம்பரா. அதற்குக் கீழே இருந்த கட்டத்தில் 255 என்று வரிசையாக எண்கள் தாமாக வந்து உட்கார்ந்தன. தானாக வருவதை ஏன் என்று கேட்கும் வழக்கம் அவனுக்கும் இல்லை. செய்து முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எண்ணைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியுமே.

கொழுந்து நிறுவைக் கணக்கை மாதிரிக்கு ஒரு பக்கம் அடித்து, ஒரு கோப்புறையில் போட்டு, அதைப் பகிரும்படி வைத்தான். பிறகு வாசலில் நின்று கத்தினான்.

"மச்சான், தெரியுதா?"

"இல்லடா! ஒன்னுமே இல்ல!"

"இப்ப?"

"இப்பவும் இல்ல!"

பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பரா ராக்காயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏம்பா, மேலயும் கீழயும் நீங்களே கத்திப் பேசிக்கிறீங்க. அப்ப அந்தக் கம்பி எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். முதல் நாள் அழகனும் சிரித்தான்.

அந்த வாரம் முழுவதும் அவன் செய்யாதது இல்லை. கணினிக்குள் காவலுக்கு இருக்கும் மென்பொருளை நிறுத்திப் பார்த்தான். கடவுச்சொல்லை எடுத்தான். இரண்டுக்கும் ஒரே குழுப் பெயரைக் கொடுத்தான். கேபிளின் இரண்டு முனைகளையும் வெட்டிப் புதிதாகப் பொருத்தினான். திரையின் மூலையில் இருந்த குட்டிப் படம் மட்டும் 'இணைப்பு இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கேபிள் அறுந்துவிட்டது என்று அது சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும். இணைப்பு இருந்தது, ஆனாலும் ஒன்றுக்கு மற்றது இருப்பது தெரியவில்லை. மனிதர்களுக்கு நடுவே இதைப் பலமுறை பார்த்திருந்தும், இயந்திரத்தில் பார்க்கும்போது அவனுக்குப் பயமாக இருந்தது.

டவுனுக்குப் போய், ஹட்டனில் படிப்பித்தவருக்குப் போன் எடுத்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். கேபிள் சரியானதுதானா? சரி. காவலை நிறுத்தியாயிற்றா? ஆயிற்று. இரண்டுக்கும் வேறு வேறு எண்தானே?

"வேற வேறதான் சார்."

"அப்ப சரியா இருக்கணுமே" என்றார் அவர். என்ன எண் என்று அவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துரைராசா வந்தார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். அழகனுடைய மனைவி பிரியந்தி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்பதான் குடிச்சனான்" என்றார். லயத்தில் எந்தக் காம்பராவுக்குப் போனாலும் அவர் அப்படித்தான் சொல்வார். இரண்டு லயத்துச் சனமும் கூடி நின்றது. அழகன் மறுபடி மறுபடி அழுத்தினான். திரை ஒவ்வொரு தடவையும் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, அப்படி ஓர் இடமே இல்லை என்றது.

"என்ன, தொடுபடேல்லையோ?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா."

அவர் பொறுத்தார். உண்மையாகவே நெடுநேரம் பொறுத்தார். பிறகு ஆறுதலாகவே சொன்னார்: "பரவாயில்லை தம்பி, விடு. கவ்வாத்து வெட்ட ஆள் காணாதெண்டு வெளிவேலைக் கண்டாக்கு சொன்னவர். நாளைக்கு வா."

அதில் ஏளனம் இல்லை. ஏளனம் இருந்திருந்தால் அழகன் அவர்மேல் கோபப்பட்டிருப்பான். அந்தக் கோபம் போக இடம் தேடி, சனம் கலைவதற்குள் சோலைமலைமேல் போய் விழுந்தது.

"ஒன் டப்பா மெசினாலதாண்டா எல்லாம் போச்சு!"

"என் மெசின் டப்பாவா? எனக்கு ஒன்னும் தெரியலன்னு வாயத் தொறந்து சொல்லிட்டுப் போயேன். பெருசா படிச்சிட்டு வந்துட்டாரு தொரை!"

சோலைமலை தன் பக்கத்துக் கேபிளைப் பிடுங்கிக் கானில் எறிந்தான். கொழும்புக்குத் திரும்பும்போது அவன் சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஆபிசு வேலைக்குக் கண்டியிலிருந்து ஒருவனை எடுத்தார்கள். அழகன் தேயிலைச் செடிகளைக் கிளை வெட்டும் கவ்வாத்துக்குப் போனான். கணினி படித்த கை கத்திக்கும் பழகிக்கொண்டது. கைக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் சோலைமலையின் அம்மா மகனோடு இருக்கக் கொழும்புக்குக் கிளம்பினாள். போகிற அன்று கணினியை ஆள்வைத்துத் தூக்கிவந்து அழகனுடைய காம்பராவில் இறக்கினாள். "அவன்தான் குடுக்கச் சொன்னான். கெட்டுப்போன மெசின் கெட்டுப்போனவன்கிட்டயே இருக்கட்டும்னான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு செய்ய ஒன்றும் இல்லாமல், அழகன் இரண்டு கணினிகளையும் அருகருகே வைத்துக் கேபிளை மாட்டினான். வந்த கணினி இப்போது ஐந்தாம் லயத்தில் இருக்கிறது. ஆகவே பழைய எண் பொருந்தாது. தன் காம்பராவின் எட்டு ஏற்கெனவே தன் கணினிக்குப் போய்விட்டது. ராக்காயியிடம் கணினி இல்லைதானே என்று அவளுடைய ஒன்பதை எடுத்துக்கொண்டான். 192.168.5.9.

கோப்புறை திறந்தது.

அவன் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எண்ணைப் பழையபடி ஆறு, மூன்று என்று மாற்றினான். அப்படி ஓர் இடமே இல்லை என்றது. மறுபடி ஐந்து, ஒன்பது. திறந்தது. மெல்ல மெல்ல விளங்கியது. கடைசி எண்தான் வீடு. அதற்கு முன்னால் இருப்பது எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய ஊர். தாமாக வந்து உட்கார்ந்த அந்த 255கள் சொன்னதும் அதைத்தான். அவன் ஒரே தோட்டத்து இரண்டு லயங்களை இரண்டு ஊர்களாக்கி, ஊரைவிட்டு வெளியே போகும் வழியை எழுத வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறான்.

"என்னாங்க, வேலை செய்யுதா?" என்று அடுப்படியிலிருந்து பிரியந்தி கேட்டாள்.

"செய்யுது."

"அப்ப அது நல்ல மெசின்தானா?"

"நல்ல மெசின்தான்."

"பெறகு அன்னைக்கு என்னா வந்துச்சு?"

"ஆறு போட்ட எடத்துல அஞ்சு போட்டிருக்கணும்."

"அவ்ளோதானா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அழகன் எழுந்துபோய் வாசலில் நின்றான். தன்னால் முடியாத காரியம் என்று இதுநாள்வரை நம்பியிருந்தான். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அது முடிகிற காரியம் என்று தெரிந்தபின் அந்த நிம்மதியும் போயிற்று.

மறுநாள் வேலை விட்டதும் ஆபிசுக்குப் போய்ச் சன்னலோரம் நின்று துரைராசாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கேட்டார். பாதி விளங்கியிருக்கலாம்.

"இப்ப பிழை பிடிபட்டிட்டுது. நல்லது, தம்பி" என்றார். மனதாரத்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் கண்டிப் பையன் நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப வர்றேங்கய்யா."

"ஓம், போட்டு வா."

அந்த வாரத்தோடு கவ்வாத்து முடிந்தது. அழகனை உரம் போட அனுப்பினார்கள்.