தெல்மிரா தன் அத்தானிடம் கொடுத்த நாய்கள்

என் தங்கச்சி மகள் தெல்மிராவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இன்று ஆளுக்கொன்று பேசுகிறார்கள். அக்காள் புருஷனை அந்நியர் முன்னால் காட்டிக் கொடுத்தவளாம். பேசுகிற வாயில் புண் வர! நடந்தபோது கூட இருந்தவள் நான்.

புவெனோஸ் ஐரெஸில் மாடி வீடுகளில் அடைந்து கிடக்கும் நாய்களை நடைக்குக் கூட்டிப் போவதுதான் அவள் பிழைப்பு. புருஷன் ஓடிப்போன வருஷம் தொடங்கினாள். இடுப்புப் பட்டையில் ஒரு படையையே கட்டிக்கொண்டு நடப்பாள். நிஜமாகவே நடப்பாள். இந்தத் தொழிலில் பாதிப் பேர் பூங்கா வேலியில் நாய்களைக் கட்டிவிட்டு, மரத்தடியில் மாத்தே என்கிற கசப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்து, நேரமானதும் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற சோம்பேறிகள். தெல்மிராவோ தெருமுனையில் கடைசி நாயும் உட்கார்ந்த பிறகுதான் ரோட்டைத் தாண்டுவாள். முரட்டு நாயைச் சாதுவான கிழட்டு நாய்க்குப் பக்கத்தில் பூட்டுவாள்.

மோரோ அப்படித் திருந்திய நாய். முழங்கால் போய், நாலாம் மாடியில் தனியாக இருக்கும் பெர்னாபே பெரியவருக்கு அவனை விட்டால் வேறு நாதி கிடையாது.

ஜூன் மழையில் வழுக்கித் தெல்மிராவுக்குக் கணுக்கால் முறிந்தது. வேலையில்லாமல் இருந்த அத்தான் அன்செல்மோவிடம் நாய்களை ஒப்படைத்தாள்.

"அத்தான், கட்டி மட்டும் போட்றாதீங்க. நடக்கணும்."

"நாலு கால் இருக்கறதுக்கு நடக்க நான் சொல்லித் தரணுமா? நீ போய்ப் படு கொழுந்தியா."

சில வாரம் கழித்து, பெரியவர் இருக்கும் மாடி வீட்டுக் காவலாளி ஃபெர்மீன் தெல்மிராவுக்குப் போன் செய்தான். மோரோ அவன் கையைக் கடித்துவிட்டான்.

"லிஃப்டத் திறந்ததும் பாஞ்சுட்டான்மா. நம்ம மோரோதானான்னு ஆயிருச்சு. நாயை வெளியேத்தணும்னு வீட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை கூட்டம் போடறாங்க. பெரியவர் சாப்பிடாம உக்காந்திருக்கார்."

மாவுக்கட்டோடு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னால் ஓடினேன். பூங்காவில் பார்த்தால், வேலி நெடுக நாய்கள். மோரோ கயிற்றில் சுற்றிச் சுற்றி, காலடிப் புல்லெல்லாம் சேறாகிக் கிடந்தது. போகிற வருகிற எல்லோரையும் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தான். மரத்தடியில் இன்னும் சில சோம்பேறிகளோடு அன்செல்மோ.

"வா கொழுந்தியா! சூடா இருக்கு, ஒரு வாய் உறிஞ்சு."

"ஒரு நாளாவது நடந்தீங்களா அத்தான்?"

"காத்து வாங்குதுல்ல? அப்புறம் என்ன?"

"கடிச்சிருக்கான்!"

"நாய்னா கடிக்கும். முத்தமா குடுக்கும்?"

கூட இருந்த தடிமாடுகள் சிரித்தார்கள். தெல்மிரா குரலை உயர்த்தவில்லை.

"கூட்டத்துக்கு வந்து, நான்தான் கட்டிப் போட்டேன்னு சொல்லுங்க. நாய் பொழச்சுக்கும்."

"சொன்னா எவன் எனக்கு நாய் குடுப்பான்? வாய மூடு. வீட்டு அழுக்க வெளிய துவைக்காத."

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அவள் போனாள். அத்தனை பேர் முன்னாலும், "தப்பு நாயோடது இல்ல. எங்க அத்தான் அன்செல்மோ அதக் கட்டிப் போட்டுட்டு ஏமாத்தினார். அவர நம்பிக் குடுத்தது நான்" என்றாள். கடிபட்ட கையில் கட்டோடு நின்ற ஃபெர்மீன்தான் முதலில், "இந்தம்மா திரும்ப நடக்கக் கூட்டிட்டுப் போனா எனக்குச் சம்மதம்" என்றான். வாய்க்கூடு போட்டு மோரோவை வைத்துக்கொள்ள விட்டார்கள். மறுநாளே ஊன்றுகோலோடு, அவனை மட்டும் கூட்டிக்கொண்டு, தெருமுனை தெருமுனையாக நின்று நின்று நடந்தாள். அன்செல்மோவிடம் இருந்த நாய்களை மற்ற வீட்டுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கறி சுட்டோம். சாப்பிட்டதும் அன்செல்மோ மாத்தே ஊற்றிக் குடுவையைச் சுற்றில் விட்டான். எங்களுக்குள், குடித்துத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால் இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். தெல்மிரா குடிக்கவேயில்லை. நீட்டிய குடுவையைத் தொடாமல், "நன்றி" என்றாள்.

"ரத்தத்த வித்து நாய வாங்கிட்டா!" என்று அவள் அக்காள் கத்தினாள்.

"மோரோ காத்திருப்பான் பெரியம்மா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

குடுவை என்னிடம் வந்தது. நானும் நன்றி சொன்னேன்.