ஜெராக்ஸ் கடையில் ஒன்பது நாள் மௌனம்

பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் போகிற சந்து ஒன்றில் எனக்கு ஜெராக்ஸ் கடை. இப்போதெல்லாம் யாரும் காகிதத்தைக் கையில் கொண்டுவருவதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "ரெண்டு காப்பிண்ணா" என்று வாசலில் நிற்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட், வேலையை விடுகிற கடிதம், வேலை கிடைத்த கடிதம், எல்லாம் என் திரையில்தான் விரிகிறது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் அடுத்து ஊர் ரகசியம் தெரிந்தவன் நான். ஆனால் அவர்களைப் போல வாயை மூடப் படித்தவனில்லை. படித்தது ஏழாவது, மிச்சமெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் சொல்லித் தந்தது.

பிரிண்ட் எடுத்ததும் ஃபைலை அழித்துவிடுவேன். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. எனக்கு இல்லை. தினமும் காலையில் யாராவது சொன்ன நல்ல பேச்சு ஒன்றை ஸ்டேட்டஸில் வேறு போடுவேன். ஆட்டோக்காரர் ஒருவர் என்னைப் பற்றியே சொன்னார்: "நீ மீட்டர் மாதிரிண்ணா. வண்டி நின்னாலும் ஓடிக்கிட்டே இருக்க." அதையும் போட்டேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு டீச்சர் ஒரு ஃபைல் அனுப்பினார். திறந்தால் திருமணப் பதிவு விண்ணப்பம். டீச்சரின் கணவர் தவறிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது, டீச்சர் தன் அம்மாவோடு இருக்கிறார். மாப்பிள்ளை, டீச்சர் வேலை பார்க்கும் பள்ளியின் கணக்கு வாத்தியார்.

"அம்மாவுக்கு இன்னும் தெரியாதுண்ணா. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ஓசூர்லருந்து தங்கச்சி வர்றா. அவளப் பக்கத்துல வச்சுக்கிட்டு நானே சொல்லணும். வெளிய யார் மூலமாவது காதுல விழுந்து, 'எங்கிட்டயா மறைச்ச'ன்னு அம்மா ஒரு வார்த்தை கேட்டுட்டா, இந்தக் கல்யாணமே வேணாம்னு விட்டுடுவேன்."

"சத்தியமா சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றேன். சொல்லும்போதே தொண்டை அரித்தது.

காரணம், அந்த அம்மா தினமும் காய்கறிப் பையோடு என் கடை ஸ்டூலில் வந்து உட்காருகிறவர். "ஏனப்பா சமாச்சாரா?" என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். மறுநாள் அவர் தலை தெரிந்ததும், டோனர் மாட்டுகிற சாக்கில் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன். திங்கட்கிழமை போனைக் காதில் வைத்து, இல்லாத ஆளோடு பேசினேன். பாதியில் அது மணியடித்தது.

"யாரு தம்பி, பேசிட்டிருக்கப்பவே கூப்பிடுறாங்க?"

"கான்ஃபரன்ஸ் கால்மா."

செவ்வாய்க்கிழமை காலையில் என் விரல் தன்பாட்டுக்கு ஸ்டேட்டஸில், 'கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர்' என்று அடித்துவிட்டது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மனைவி, "யாருக்குங்க கல்யாணம்?" என்றாள். அவசரமாக அழித்தேன். ஸ்டேட்டஸையே நிறுத்தினேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "மிளகு ரசம் வைக்கட்டா?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் ஒரு வாய்க்கே மூடி கிடைக்காமல் தவித்தேன்.

அந்த ஞாயிறு, விடுமுறை நாளிலும் கடையைத் திறந்து எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் அம்மா ஒரு தட்டுக் கேசரியோடு தெருவைத் தாண்டி வந்தார்.

"தம்பி, என் பொண்ணுக்குக் கல்யாணம்!"

ஒன்பது நாளாக ஒத்திகை பார்த்த ஆச்சரியத்தை எடுத்துவிட்டேன். "அப்படியா! யாருக்கு?"

"இப்பத்தானே சொன்னேன், என் பொண்ணுக்கு!" சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நடிக்காத. எனக்குப் போன வாரமே தெரியும்."

"நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா!"

"அதான். தெருநாய்கிட்டகூட நின்னு பேசுற ஆளு, என்னைப் பார்த்தா மட்டும் மேசைக்கடியில போற. அப்ப இது என் வீட்டு விஷயம். அங்க அவ, பாத்திரம் தேய்க்கிறப்ப பாடுறா. ரெண்டையும் கூட்டிப் பார்த்தேன்."

"அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே?"

"தன் வாயால சொல்லணும்னு ஆசையா இருக்கா. அதப் போய்ப் பிடுங்குவாங்களா?" கேசரியை என் பக்கம் நகர்த்தினார். "காலைல அவ சொன்னப்ப, உன்னைவிட நல்லாவே ஆச்சரியப்பட்டேன். நீ அவகிட்ட இதச் சொல்லிடாத."

மறுபடியுமா! வாய் நிறையக் கேசரி; தலையை மட்டும் ஆட்டினேன்.

கல்யாணத்தன்று அம்மாவே மகளிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அதன் பிறகுதான், இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன்.

"எழுதுங்கண்ணா, பேரு மட்டும் வேணாம்" என்றார் டீச்சர்.

"ஸ்டேட்டஸும் வேணாம்" என்றார் அம்மா.